ஒரு ஆளுக்கு ஒரு கண்படி

என் கண் ஹைதராபாத்தில் மூன்று ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்பூரில் சும்மா இருந்தேன். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வசந்தாமணி. வயது நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் டி-ஷர்ட்டை மேஜை விளக்கின் கீழே விரித்து, தோள், கை, காலர், அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு பீஸுக்கு இருபது விநாடி. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். நாம் சரிசெய்யக் கூடாது. மறைக்கவே கூடாது. கறையைத் துடைக்கிறேன் என்று செக்கிங்காரி துணியை நனைத்தால் அன்றோடு அவள் கணக்கு முடிந்தது. காட்டுவது ஒருத்தி வேலை, சரிசெய்வது வேறொருத்தி வேலை. இது எங்கள் தொழிலின் ஒழுங்கு.

பிறகு எங்கள் மேஜைகளுக்கு மேலே கேமரா வந்தது. அது ஒரு விநாடியில் மூன்று பீஸ் பார்த்தது. நாங்கள் அறுபத்து நான்கு பெண்கள் வெளியே வந்தோம். ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்து, கை தட்டி அனுப்பிவைத்தார்கள். என் ஹாட்பாக்ஸின் மூடி ஓரத்தில் ஒரு விரிசல் இருந்தது. நான் பார்க்காமல் இருப்பேனா?

பக்கத்து மேஜை ஜெரினாதான் அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட ஏழு வயது மூத்தது. 'ஃபிரேம்வாசல் அகாடமி. ஆறே மாதத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ். வீட்டிலிருந்தே படிக்கலாம். கட்டணம் இல்லை. பார்வைக் கூர்மை உள்ள பெண்களுக்கு முன்னுரிமை.'

"அக்கா, சினிமாவுல தப்பு தெரியற எடத்தயெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிக்கற வேலையாம். நம்ம கண்ணுக்குத் தோதான வேலை."

"அழிக்கறதா? நம்ம காட்டறவங்க புள்ள."

"காட்டுனதுக்கு ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க. அழிச்சா என்ன குடுக்கறாங்கன்னு பாப்போம்."

எங்களோடு வெளியே வந்தவர்களில் பலரும் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பழைய லேப்டாப் வாங்கினோம். அகாடமி ஒரு கண்ணாடியைத் தபாலில் அனுப்பியது. கண்ணாடி என்றால் பவர் இல்லாத வெறும் சட்டம், ஓரங்களில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். வகுப்பு நேரம் முழுக்க அதைப் போட்டிருக்க வேண்டும். 'உங்கள் கண் களைப்படையாமல் பார்த்துக்கொள்ளும் கருவி' என்று அட்டையில் தமிழில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு நாற்பது பக்கம் ஆங்கிலம். கடைசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். அழுத்தாதவர்கள் யாராவது உண்டா, சொல்லுங்கள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் யுகேந்திரன். மெட்ராஸ்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும், பொறுமைசாலி. முதல் பயிற்சியே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதாநாயகன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறக்கிறான். அவனை ஒரு கம்பி தாங்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கம்பியை ஒவ்வொரு படமாக அழித்து, பின்னால் இருக்கும் மலையையும் மேகத்தையும் அந்த இடத்தில் வரைந்து அடைக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம். நான்கு விநாடிக் காட்சிக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் காட்டிக்கொடுத்த கண்ணை மறைக்கப் பழக்கினேன்.

பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தபோது கம்பி இல்லை, ஆள் பறந்தான். பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். "எங்க, ஒண்ணுமே தெரியலயே" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது. ஆறு மாத முடிவில் ஆயிரத்து இருநூறு பேரில் நான் முதலாவது. ஜெரினா நான்காவது. எங்கள் செக்கிங் பெண்களில் நாற்பத்தொன்பது பேர் தேறினார்கள். என் சான்றிதழில் பதிவு எண் 417.

பிறகு மூன்று மாதத்துக்கு மேல் வேலை தேடினேன். ஏழு ஸ்டுடியோக்கள் பதிலே போடவில்லை. எட்டாவது ஹைதராபாத் ஸ்டுடியோ. போனில் பேசிய பெண் தமிழ்ப் பெண்தான், மரியாதையாகவே பேசினாள்.

"உங்க ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க மேடம்."

"நானூத்திப் பதினேழுங்க."

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"மேடம், நீங்க ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கீங்க."

"இல்லீங்களே. நான் திருப்பூர்ல இருக்கறனுங்க."

"அது தெரியுது மேடம். 417 மூணு மாசமா இங்க வேலை செய்யுது. ரொம்ப நல்லா செய்யுது. எல்லாருக்கும் திருப்தி. திரும்ப ஒரு தடவை உங்கள எடுக்க முடியாது. சாரி மேடம்."

போனை வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ என் பெயரில், என் சான்றிதழை வைத்து ஆள்மாறாட்டம் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யுகேந்திரனைக் கூப்பிட்டேன். ஜெரினாவும் பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் போட்டேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு யாரும் சொல்லலையா அக்கா?" என்றார். மேடம் என்பது போய் அக்கா வந்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்னதுங்க தம்பி சொல்லோணும்?"

"அந்தக் கண்ணாடி, கண் வலிக்காம இருக்கிறதுக்கு இல்லக்கா. ஒரு காட்சியில நீங்க முதல்ல எங்க பாக்கறீங்க, அடுத்து எங்க போறீங்க, எதுல நிக்கறீங்க, அப்ப உங்க கை என்ன பண்ணுது, எல்லாத்தையும் அது பதிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆறு மாசம் பதிஞ்சா உங்க பார்வையை அப்படியே செய்யிற ஒரு நகல் கிடைச்சிடும். கண்படின்னு சொல்றாங்க. அகாடமி விக்கிறது அதைத்தான். பாடம் நடத்துறது அதுக்காகத்தான்."

"பள்ளிக்கோடம் இல்லயா அது?"

"மாணவிங்கதான் சரக்கு, அக்கா."

ஜெரினா குனிந்து போனுக்குள் பேசினாள். "அப்ப என்ற கண்ணு எங்கீங்க இருக்குது?"

"நீங்க ஜெரினா மேடமா? உங்களுதும் அதே ஸ்டுடியோலதான். அக்காவோட கண்படி செஞ்சு முடிக்கிறதை உங்க கண்படிதான் சரிபார்க்குது."

ஜெரினா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தோம். அங்கேயும் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்களை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நான் அழுதேன். வேலை போனதற்கு அழவில்லை. கேமரா வந்து எங்களை வெளியே தள்ளியபோதுகூட, அது வேறொரு ஜடம், அதற்கு வேகம் அதிகம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது என்னை வெளியே நிறுத்தியது நானே. அதுவும் கண் வலிக்கக் கூடாது என்று என் மேல் அக்கறைப்படுவதுபோல் நடித்து எடுத்திருக்கிறார்கள். அழுது முடித்ததும் ஒரு கேள்விதான் மிஞ்சியது. என் கண்ணை எப்படித் திரும்ப வாங்குவது?

"தம்பி, அந்த நாப்பது பக்கத்தையும் எங்களுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"என் வேலை போயிடும்க்கா."

"போனா நீங்களும் எங்ககூட வந்து உக்காந்துக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு பக்கம். ஜெரினா வீட்டு மாடி அறையில் பாய் விரித்து நாற்பத்தொன்பது பேரும் உட்கார்ந்து கேட்டோம். பெரியதோட்டம் ஏரியாவில் அந்த மாடிக்கு நல்ல காற்று. முதல் ஏழு நாளும் எங்கள் கழுத்தை நெரிக்கும் வரிகளாகவே வந்தன. கண்படி அகாடமிக்குச் சொந்தம். அதன் உழைப்பில் மாணவிக்குப் பங்கில்லை. அதை யாருக்கு விற்றாலும் கேட்கக் கூடாது. எட்டாம் நாள் முப்பத்தோராம் பக்கம் வந்தது.

"இது சட்டத்துக்காகப் போட்டிருக்காங்க," என்றார் யுகேந்திரன். "போன வருஷம் வந்த சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு கண்படிதான் இருக்கலாம். மாணவி புதுசா பயிற்சி எடுத்து இன்னொண்ணு உருவாச்சுன்னா, பழசை அன்னிக்கே அழிச்சிடணும். அழிக்காம ரெண்டையும் வெச்சிருந்தா ரெண்டு மேலயும் அகாடமிக்கு இருக்கிற உரிமை போயிடும். முழு உரிமையும் மாணவிக்குத் திரும்பிடும்."

"இன்னொருக்காப் படிங்க தம்பி."

படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த மாசம் பழைய மாணவிகளுக்கு ஒரு வாரம் புதுப்பிப்புப் பயிற்சி வருது. கேமராவும் தொழில்நுட்பமும் மாறிட்டே இருக்கிறதால கண்படி சீக்கிரம் பழசாயிடும், அதைப் புதுசாக்கத்தான். உங்களுக்கும் அழைப்பு வரும். நான் ஒண்ணும் சொல்லலை. படிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்."

அழைப்பு வந்தது. சேர்ந்து, அழிக்காமல் காட்டுவதை மட்டும் செய்வோம் என்றேன். பலருக்குப் பயம். சின்னத்தாயி என்பவள், எங்களில் மூத்தவள், நேராகவே கேட்டாள். "வேணும்னே கெடுத்துட்டம்னு கேஸ் போட்டா என்ன பண்றது வசந்தாமணி?"

"நாம எதயும் கெடுக்கப் போறதில்லீங்கக்கா. ஒழுங்காத்தான் பாக்கப் போறோம். இருவத்திரண்டு வருசமா எப்படிப் பாத்தமோ அப்படி."

பயிற்சித் திரையில் தூரிகைக்குப் பக்கத்தில் இன்னொரு கருவி உண்டு. குறிப்புப் பேனா என்பார்கள். மாணவிக்குச் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு போட்டு ஆசிரியருக்குக் காட்டலாம். ஆறு மாதமும் நாங்கள் அதைத் தொட்டதில்லை, முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கம். அந்த ஒரு வாரம் தூரிகையைத் தொடவில்லை. கம்பியா, அம்பு. ஒட்டுத்தாடியின் ஓரமா, அம்பு. ஏற்கெனவே யாரோ அடைத்து மூடிய இடமா, அதைத் தேடிப் பிடித்து அம்பு. தினமும் காலை பத்திலிருந்து ஐந்து வரை. ஜெரினா எழுந்து நின்று சோம்பல் முறித்துக்கொண்டே, "அக்கா, பழைய மேஜைக்கே போயிட்ட மாதிரி இருக்குது" என்றாள். உண்மைதான். என் கண் என் தலைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் வாழ்த்துச் செய்தி வந்தது. 'உங்கள் புதிய கண்படி தயாராகிவிட்டது' என்று எங்களுக்கே அனுப்பிவிட்டார்கள். அகாடமியில் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆள் வைத்துப் பார்ப்பது அவர்கள் பழக்கத்திலேயே இல்லை. கண்படி வேலை செய்யும், இன்னொரு கண்படி சரிபார்க்கும், அப்படியே வெளியே போகும்.

மூன்று வாரம் கழித்து, அந்த ஹைதராபாத் ஸ்டுடியோ வேலை பார்த்த ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு டிரெய்லர் வந்தது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, படத்தில் இருபத்தைந்து. காலை பதினொரு மணிக்கு வெளியிட்டார்கள். கதாநாயகன் ரயில் மேல் ஓடி வருகிறார், முகத்தைத் திருப்புகிறார். நெற்றிமுடி ஓரத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்பு. தாடைக்குக் கீழே இரண்டு. வயிற்றை உள்ளே தள்ளி வரைந்த இடத்தில் வரிசையாக ஐந்து. அடுத்த காட்சியில் அவர் தூக்கி அடிக்கும் ஆளின் முதுகில் இருந்த கம்பி அழியவே இல்லை, அதன் நெடுக அம்பு. மொத்தம் நாற்பத்தாறு. சரிபார்க்க வேண்டியது ஜெரினாவின் கண்படி. அது எல்லா அம்பும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தேறியது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் டிரெய்லரை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து ஓடி வந்து, "அந்த வவுத்துல போட்டது நீயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊருக்குள் அவருக்கு ஒரு வாரம் ஓசி டீ.

பிறகுதான் அகாடமி எங்களைத் திரும்பிப் பார்த்தது. முதலில் வக்கீல் நோட்டீஸ். திட்டமிட்டு நாசம் செய்தீர்கள் என்று. 'குறையைக் கண்டுபிடிக்கவும்' என்பதே பயிற்சியின் கேள்வி, கண்டுபிடித்தோம், மதிப்பெண்ணும் நீங்களே நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறீர்கள் என்று பதில் எழுதினோம். அடுத்து ஒரு வாரம் சத்தமே இல்லை. யுகேந்திரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் போன் செய்து வருத்தப்பட்டேன். "பரவால்லக்கா, அந்த மாடியில எனக்கொரு பாய் போட்டு வைங்க" என்றார்.

பிறகு ஒரு செய்தி. ஹைதராபாத்தில் இருக்கும் அகாடமியின் இயக்குநர் சக்கரதர் எங்களோடு நேரிடையாக, வீடியோவில் பேச விரும்புகிறாராம்.

செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணி. ஜெரினா வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, வாடகைப் புரொஜெக்டரில் படத்தைப் பெரிதாகப் போட்டோம். நாற்பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தெரிந்தார். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட காலர் டி-ஷர்ட், நரைத்த கிருதா, களைத்த முகம்.

"வணக்கமுங்க. எல்லாரும் உக்காருங்க. உங்களயெல்லாம் நிக்க வெச்சுட்டுப் பேசறதுக்கு எனக்கு யோக்கியத இல்லீங்க."

கூட்டம் அசந்துவிட்டது. ஹைதராபாத்காரர் எங்கள் பேச்சைப் பேசுகிறார்.

"எனக்கும் தாராபுரம் பக்கந்தானுங்க. எங்கம்மாவும் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுனவங்கதான். உங்களுக்குச் செஞ்சது பெரிய தப்பு. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க." கண் கலங்கியது. ஒரு விரலால் துடைத்துக்கொண்டார். "நாப்பத்தொம்பது பேருக்கும் நிரந்தர வேல. திருப்பூர்லயே ஸ்டுடியோ. உங்க கண்படிக்கு நீங்களே மேஸ்திரி. இப்ப உங்க போனுக்கு ஒரு ஒப்பந்தம் வரும். பழச மறந்துட்டு, பழைய பத்திரத்துல இருக்கற சண்ட சச்சரவயெல்லாம் ரத்து பண்ணிட்டு, புதுசா ஆரம்பிப்போம். ஒரு பட்டனத்தான் அழுத்தோணும் அம்மிணி."

போன்கள் வரிசையாகச் சிணுங்கின. நான்கே வரி, தமிழில். கீழே அதே பொத்தான். 'ஒப்புக்கொள்கிறேன்.'

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அழுத்த வேண்டும்போல் இருந்தது. சின்னத்தாயிக்கு இரண்டு மாதமாகக் கூலி வேலைகூட இல்லை, முழங்கால் வலி வேறு. முன்வரிசையில் இருந்தவள் விரலை நீட்டியே விட்டாள். ஒரு மனிதர் எங்களிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறார், இருபத்திரண்டு வருடத்தில் எந்த முதலாளியும் கேட்டதில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். பழக்கம், வேறென்ன.

கழுத்து திரும்பினால் பனியன் துணிக் காலர் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும். அந்தப் பின்னலே அப்படி. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இவர் கழுத்து திரும்பியது, காலர் ஒரு இழைகூட அசையவில்லை.

"எல்லாரும் கைய எடுங்க," என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தெட்டு கையும் நின்றது. ஜெரினாவின் முழங்கையைத் தொட்டேன். அவள் கேட்காமலேயே போனில் பதிவு செய்யத் தொடங்கினாள்.

"சார், வெளிச்சம் சரியாத் தெரியலீங்க. கொஞ்சம் எடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

இப்போது காதோரத்தைப் பார்த்தேன். முகத்தை ஒட்டவைத்திருந்த இடம். அடைப்பு வேலை நேர்த்தியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. காது மடலுக்குக் கீழே மட்டும் ஒரு நூல் அளவு நிழல் விட்டிருந்தது. பாடத்தில் அப்படிக் கிடையாது, முழுக்க அடைத்துவிட வேண்டும். முழுக்க அடைத்தால் காது ஒட்டவைத்ததுபோல் தெரியும் என்பது என் கட்சி. அதற்காக யுகேந்திரன் இரண்டு முறை மதிப்பெண் குறைத்தார், நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயிரத்து இருநூறு பேரில் அந்த நூலை விடுகிறவள் நான் ஒருத்திதான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட ஓர் ஆள் வரவில்லை. ஒரு பொம்மையைச் செய்து, அதன் முகத்தை ஒட்டவைக்க என் கண்ணையே உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவும் பழைய கண்ணை. புதியதாக இருந்தால் அந்தக் காதில் அம்பு அல்லவா நின்றிருக்கும்.

"சார், ஒரு சந்தேகமுங்க," என்றேன். "எங்க பழைய கண்படியெல்லாம் அழிச்சாச்சுங்களா?"

"புதுசு வந்த அன்னிக்கே அழிச்சாச்சு அம்மிணி."

"எல்லாமுங்களா? என்றதும்?"

"417 உட்பட. என்ற கொழந்தைக மேல சத்தியம்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளும் காலரைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பக்கத்தில் எழுந்து வந்தார்கள். ஒருத்தி தோள்பட்டையைக் காட்டினாள், ஒருத்தி கிருதாவை. சின்னத்தாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணீர் துடைத்த விரலில் ஈரமே இல்லை என்று காட்டினாள்.

"சார், உங்க காதோரத்த அடச்சது நானுங்க," என்றேன். "ஆறு மாசம் எந்தக் கையில படிச்சனோ அதே கை. பழைய 417 உசுரோட இருக்குதுன்னு நீங்களே மூஞ்சியில எழுதிட்டு வந்துருக்கறீங்க. அது இருந்தா முப்பத்தோராம் பக்கப்படி ரெண்டு கண்ணும் எனக்குச் சொந்தம். மத்த நாப்பத்தெட்டும் எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு இனிக் கோர்ட்டு கேக்கும். ஜெரினா, எல்லாம் பதிவாச்சா?"

"சத்தியம் உட்படப் பதிவாச்சுக்கா."

திரையில் இருந்தவர் சிரித்தார். கேள்விக்குப் பொருத்தம் இல்லாத சிரிப்பு. மூன்று முறை கண் சிமிட்டினார், மூன்றும் ஒரே மாதிரி.

"அம்மிணி, எங்கம்மாவும் பனியன் கம்பெனியில..." என்று மறுபடி தொடங்கினார்.

"உங்களுக்கு அம்மா இல்லீங்க," என்றாள் ஜெரினா.

நான் என் போனை எடுத்தேன். அந்த நான்கு வரிக்குக் கீழே ஓரத்தில், படிக்க முடியாத அளவு பொடி எழுத்தில், இன்னொரு பொத்தான் இருந்தது. 'மறுக்கிறேன்.' அழுத்தினேன். அறை முழுக்கப் பொத்தான் சத்தம் கேட்டது. எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை.

"ஒரு மனுசன அனுப்புங்க," என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். "அழுவோணும்னு இல்ல. கும்புடோணும்னும் இல்ல. எங்க கண்ண எடுத்துட்டு வரட்டும், போதும். அதுவரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

அவர் சிரித்தபடியே இருந்தார். அடுத்து என்ன பேசுவது என்று அங்கே யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும்போல. யாரும் எழுந்து போகவில்லை. ஜெரினா புரொஜெக்டரை அணைக்காமல் விட்டுவிட்டு, எல்லாருக்கும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள்.